தெரிந்தவன் எழுதக் கூடாது

எங்கள் தொழிற்சாலை தீயில் எரிந்து சாம்பலாகி நிரந்தரமாக மூடப்பட்டுவிட்டது என்ற செய்தி எனக்குத் தொலைபேசியில் வந்தபோது, பின்னால் அறுப்பு இயந்திரம் அலுமினியக் குழாயை அறுத்துக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் ஒன்றும் காதில் விழவில்லை.

"சார், கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க," என்றேன்.

"உங்க கம்பெனியை மூடிட்டீங்களாமே!" என்று கத்தினார் மின்சாரத் துறையின் கொள்முதல் அதிகாரி. வருடக்கணக்காக எங்களிடம் ஏணி வாங்குகிறவர். நல்ல மனிதர். "அதான் இந்தத் தடவை ஆர்டரை நிறுத்தி வச்சிருக்கேன். அது என்ன அங்க அவ்வளவு சத்தம்?"

"ஏணி செய்யற சத்தம் சார்."

"அப்படியா," என்றார். "ஆனா களஞ்சியத்துல மூடிட்டதாத்தானே போட்டிருக்கு?"

களஞ்சியம் என்றால் இணையத்தில் இருக்கிறதே, அந்தக் கலைக்களஞ்சியம்தான். உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் பற்றி அதில் ஒரு கட்டுரை இருக்கும். அதில் இருப்பது இருக்கிறது, அதில் இல்லாதது இல்லை என்ற முடிவுக்கு ஊரே வந்து வெகு நாளாகிறது. மின்சாரத் துறை போன மாதம்தான் அந்த முடிவுக்கு வந்ததாம். இனி யாரிடம் எது வாங்கினாலும் களஞ்சியத்தில் பார்த்துவிட்டுத்தான் வாங்க வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு.

"மாசக் கடைசிக்குள்ள அதைச் சரிபண்ணிடுங்க. இல்லேன்னா ஆர்டர் வேற கம்பெனிக்குப் போயிடும். நான் உங்க இடத்துக்கு வந்து டீ குடிச்சவன்தான், இல்லேங்கல. ஆனா நான் குடிச்ச டீயை ஃபைல்ல வைக்க முடியாதே," என்றார்.

போனை வைத்தேன். நாங்கள் செய்கிற ஏணிகளில் பாதிக்கு மேல் மின்சாரத் துறைக்குத்தான் போகிறது. அந்த ஆர்டர் கைவிட்டுப் போனால் களஞ்சியம் சொன்னபடியே கதவைச் சாத்த வேண்டியதுதான். அத்தான் ஒரு தகரக் கொட்டகையில் ஆரம்பித்த தொழில் அது. அவர் காலமான பிறகு அக்காதான் நடத்துகிறாள். எனக்குக் கணக்கு, கடிதம், கணினி. அம்மாவும் அப்பாவும் போன பிறகு என்னை வளர்த்து ஆளாக்கியதே அக்காதான். இன்றைக்கும் மதியம் ஒரே கேரியரில்தான் இரண்டு பேரும் சாப்பிடுவோம். எனக்குப் போட்டுவிட்டு மீதியைத்தான் அவள் போட்டுக்கொள்வாள்.

விஷயத்தைச் சொல்லப் போனேன். அக்கா ஒரு ஏணிப்படியைக் காட்டி வெல்டரைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

"எரிஞ்சு போச்சா? நாமளா?" என்று கூரையை அண்ணாந்து பார்த்தாள். "எவன்டா சொன்னது?"

"களஞ்சியத்துல போட்டிருக்குக்கா."

"அப்ப நான் யாரு? ஆவியா?"

"ஆவியா இருந்தாலும் பரவாயில்லம்மா. திட்டறதுல குறை வைக்கல," என்றார் வெல்டர்.

மூன்று பேருமாகக் கணினி முன்னால் உட்கார்ந்து பார்த்தோம். எங்களைப் பற்றிய கட்டுரை நான்கு வரிதான். கடைசி வரியில் எங்களைக் கொளுத்தியிருந்தார்கள். சான்றாக ஒரு நாளிதழ்ச் செய்தியைக் காட்டியிருந்தார்கள். பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. சில வருடங்களுக்கு முன்னால் எரிந்தது பக்கத்து மெத்தைக் கம்பெனி. படம் பிடிக்க வந்தவர் புகைக்குப் பயந்து எங்கள் வாசலில் நின்று எடுத்தார். படத்தில் எங்கள் பெயர்ப்பலகையும் பின்னால் தீயும் விழுந்துவிட்டன. யார் வீட்டிலோ பிடித்த தீ எங்கள் தலையில் விடிந்தது.

களஞ்சியத்தில் யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று மேலேயே கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். நான் வெள்ளந்தியாக அதை நம்பினேன். "மூடப்பட்டது" என்பதை அழித்துவிட்டு "இயங்கி வருகிறது" என்று எழுதினேன். டீ வந்து ஆறுவதற்குள் பழையபடி "மூடப்பட்டது" ஆகிவிட்டது. கீழே ஒரு கேள்வி வந்தது. "நீங்கள் யார்?"

பொய் சொல்லத் தெரியாத குடும்பம். "அதே தொழிற்சாலையில் கணக்கு எழுதுகிறேன்" என்று பதில் போட்டேன்.

அவ்வளவுதான். கட்டுரையின் தலையில் சிவப்புப் பட்டை ஒன்று ஏறியது. "எச்சரிக்கை! மூடப்பட்ட இந்த நிறுவனத்துடன் தொடர்புடைய நபர் ஒருவர், தன் சுயநலத்துக்காக, இது மூடப்படவில்லை என்று நிறுவ முயன்றார்."

அக்கா அதை இரண்டு தடவை படித்தாள்.

"வேலியில போன ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிட்டியேடா," என்றாள்.

* * *

மறுநாள் களஞ்சியத்தின் அலுவலகத்துக்குப் போனேன். பெரிய கூடம். சுவர் முழுக்கக் கூரைவரை அலமாரி. நடுவில் ஒரு நீள மேஜை, அதைச் சுற்றிக் கணினிகள், ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒருவர் இன்னொருவர் எழுதியதை அழித்துக்கொண்டிருந்தார். தலைமைத் தொகுப்பாளர் என்னைப் பார்த்ததும் எழுந்து கைகுலுக்கினார். அப்புறம் நான் யார் என்று சொன்னேன். கையைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார்.

"தப்பா நினைச்சுக்காதீங்க. தொடர்புடைய ஆளைத் தொட்டா நானும் தொடர்புடையவன் ஆயிடுவேன். இருங்க, விதியைக் காட்டறேன்."

விதிப் புத்தகம் மேல்தட்டில் இருந்தது. ஒரு ஏணியை இழுத்து வந்து சாய்த்தார். பார்த்தவுடன் எனக்குத் தெரிந்துவிட்டது, எங்கள் ஏணி. அகலப் படி, கறுப்பு ரப்பர் கால். பக்கவாட்டில் எங்கள் ஸ்டிக்கர், அதில் இந்த வருடம் அச்சடித்திருந்தது.

"சார், கொஞ்சம் பிடிச்சுக்கங்க. எனக்கு உயரம்னா பயம்," என்றார். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். அவர் ஏறினார்.

"சார், நீங்க நிக்கறதே எங்க ஏணிதான்."

"இருக்கலாம்."

"இந்த வருஷம் செஞ்சது சார். ஸ்டிக்கர்ல பாருங்க."

அவர் மேலேயிருந்து என்னை இரக்கத்தோடு பார்த்தார். "ஏணி தன்னைப் பத்தித் தானே சொல்லிக்கறதை எப்படி சார் எடுத்துக்க முடியும்? அது உங்க கம்பெனி ஒட்டின ஸ்டிக்கர். திருடனே தான் நல்லவன்னு எழுதி நெத்தியில ஒட்டிக்கிட்டா விட்டுடுவீங்களா?"

"அப்ப இந்த ஏணியை யார் செஞ்சாங்க?"

"அது எங்க வேலை இல்லை," என்றவர் புத்தகத்தை எடுத்துக்கொண்டு, இறங்காமல் அங்கேயே நின்று பேச ஆரம்பித்தார். உயரம் என்றால் பயம் என்றவருக்குப் பேச்சு வந்ததும் பயம் போய்விட்டது. "இங்க பாருங்க. ஒரு விஷயத்தைப் பத்தி நல்லாத் தெரிஞ்சவனுக்கு அது மேல ஒட்டுதல் வந்துடும். ஒட்டுதல் வந்தா நடுநிலை போயிடும். அதனால எதைப் பத்தி எழுதணுமோ அதைப் பத்தி ஒண்ணுமே தெரியாதவங்களைத் தேடிப் பிடிச்சு எழுத வைக்கிறோம். லேசான காரியம் இல்லை. நானே இங்க சேர்ந்தப்ப எனக்கு எவ்வளவோ தெரிஞ்சிருந்தது. பாடுபட்டு மறந்தேன்."

"சார், நடந்த உண்மை என்னன்னா..."

"உண்மை!" என்றார். மேஜையைச் சுற்றி இருந்தவர்கள் தலை நிமிர்ந்து முகம் சுளித்தார்கள். "உண்மை யார்கிட்ட வேணாலும் இருக்கும் சார். தெருவுல போறவன்கிட்ட இருக்கும். உங்ககிட்டயே இருக்குன்னு வச்சுக்கங்களேன். அதை வச்சுக்கிட்டு என்ன பண்றது? எங்களுக்கு வேண்டியது சான்று. நாளிதழ்ல வந்திருக்கு, நீங்க எரிஞ்சுட்டீங்கன்னு. அதே நாளிதழ்ல மறுப்பு வாங்கிட்டு வாங்க, முடிஞ்சது."

"அந்த நாளிதழையே மூடிட்டாங்களே சார்!"

"அதனாலதான் அது ரொம்ப நம்பகமானது," என்றார் தலைமைத் தொகுப்பாளர். "இனிமே அது பேச்சை மாத்தாது."

எனக்கு ஒரு விநாடி கையை ஏணியிலிருந்து எடுத்துவிடலாமா என்று தோன்றியது. எடுக்கவில்லை. எடுத்தாலும் அது சரிந்திருக்காது, அக்கா அப்படித்தான் செய்ய வைப்பாள்.

போகும்போது கெஞ்சினேன். மாதக் கடைசிக்குள் சரியாகாவிட்டால் அத்தனை பேர் வேலையும் போய்விடும், அக்கா தாங்க மாட்டாள் என்று சொன்னேன். அவருக்கும் மனம் இளகியது. நேரில் பார்க்க ஒரு சரிபார்ப்பாளரை அனுப்புவதாகச் சொன்னார். நான் அவரைக் கும்பிட்டேன். கும்பிட்டதைக் குறித்துக்கொண்டார், அதுவும் செல்வாக்கு செலுத்தும் முயற்சியில் சேருமாம்.

* * *

சரிபார்ப்பாளர் சொன்ன நாளில் சரியாக வந்தார். வாசலிலேயே கறுப்புத் துணி ஒன்றை எடுத்துக் கண்ணில் கட்டிக்கொண்டார்.

"என்ன சார் இது?" என்றாள் அக்கா.

"நான் என் கண்ணால பார்த்தா அது என்னோட சொந்த ஆராய்ச்சி ஆயிடும்மா. சொந்த ஆராய்ச்சிக்குக் களஞ்சியத்துல இடமில்லை."

"அப்ப எதைச் சரிபார்ப்பீங்க?"

"பார்க்கறது இல்லம்மா, சரிபார்க்கறது. ரெண்டும் வேற வேற."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் அவர் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனேன். அறுப்பு இயந்திரம் அறுத்தது, துளைப்பு இயந்திரம் துளைத்தது, ஆட்கள் அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு வேலை செய்தார்கள். எங்கள் தொழிற்சாலை அவ்வளவு நன்றாக நடந்து நானே பார்த்ததில்லை. ஒரு மனிதர் கண்ணைக் கட்டிக்கொண்டு அதன் நடுவில் நின்றார்.

"இந்தச் சத்தத்துக்கு அச்சில் வந்த ஆதாரம் ஏதாவது இருக்கா?" என்று கேட்டார்.

வெல்டருக்குப் பொறுக்கவில்லை. "யோவ், கையையாவது நீட்டித் தொட்டுப் பாருய்யா!" என்று ஒரு ஏணியை அவர் பக்கம் நகர்த்தினார். சரிபார்ப்பாளர் அதே சமயம் திரும்பினார். ஏணியின் முனை நெற்றியில் நன்றாகவே பட்டது. உட்கார வைத்து, தண்ணீர் தெளித்து, அக்கா தன் கையாலேயே மருந்து தடவினாள். டீ கொடுத்தாள். பாவம், மனிதர் குடித்துவிட்டார்.

அவருடைய அறிக்கை நான்கு நாளில் கட்டுரையின் கீழே வந்தது. "குறிப்பிட்ட முகவரிக்குச் சென்றேன். விதிப்படி எதையும் பார்க்கவில்லை. ஏணி என்று கூறப்படும் பொருள் ஒன்று நெற்றியில் மோதியது. அது ஏணிதான் என்பதற்குச் சார்பற்ற சான்று தரப்படவில்லை. மேலும், நிறுவனத்தின் டீயைக் குடித்துவிட்டதால் இந்த நிறுவனத்தைப் பற்றிக் கருத்துச் சொல்லும் தகுதியை நான் இழந்துவிட்டேன்."

சிவப்புப் பட்டையின் கீழே இன்னொரு சிவப்புப் பட்டை ஏறியது.

அக்கா சரியாகத் தூங்குவதில்லை என்று அவள் கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. கேரியரைத் திறந்து எனக்குப் போடுவாள், தனக்குப் போட்டுக்கொள்ள மறந்துவிடுவாள். "பத்திரிகைதானே வேணும் அவனுக்கு? பத்திரிகைக்காரனைக் கூட்டிட்டு வரேன்," என்று கிளம்பினாள். ஊரில் இப்போது ஓடும் நாளிதழின் வாசலில் காலையில் போய் உட்கார்ந்து, சாயங்காலம் ஒரு நிருபரோடு திரும்பி வந்தாள்.

நிருபர் தங்கமான பையன் என்றுதான் நினைத்தோம். கண்ணைத் திறந்துகொண்டே வந்தார். எல்லாவற்றையும் பார்த்தார், வெல்டரிடம் பேசினார், அக்காவை ஏணிகளுக்கு நடுவில் நிறுத்திப் படம் எடுத்தார். "கவலைப்படாதீங்கம்மா, நச்சுன்னு போட்டுடறேன்," என்றார். அன்றைக்கு அக்கா இரண்டு வாய் சாப்பிட்டாள்.

நிருபர் நச்சென்றுதான் எழுதியிருந்தாராம். ஆனால் அவர்கள் அலுவலகத்தில் செய்திகளில் பிழை திருத்த ஒரு பிரிவு இருக்கிறது. அந்தப் பிரிவு ஒவ்வொரு செய்தியையும் களஞ்சியத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துத் தவறுகளைத் திருத்தும். மறுநாள் காலை செய்தி வந்தது. "தீக்கிரையான ஏணித் தொழிற்சாலை: ஒரு பெண்மணியின் நீங்காத நினைவுகள்." படத்தில் அக்கா சிரித்துக்கொண்டிருந்தாள். கீழே "முன்னாள் உரிமையாளர்" என்று போட்டிருந்தார்கள்.

மதியத்துக்குள் களஞ்சியத்தில் நாங்கள் மூடப்பட்டதற்கு இரண்டாவது சான்று சேர்ந்துவிட்டது. கொள்முதல் அதிகாரி போன் செய்தார். குரல் கம்மியிருந்தது.

"படிச்சேன் தம்பி. மனசே சரியில்லை. அக்காவை நல்லாப் பார்த்துக்கங்க."

"சார், நான் தொழிற்சாலையிலேர்ந்துதானே பேசறேன்!"

"புரியுது தம்பி. விட்டுப் பிரிய மனசு வராதுதான்," என்று வைத்துவிட்டார்.

* * *

மாதக் கடைசி நெருங்கிவிட்டது. நான் மறுபடி களஞ்சியத்துக்கு ஓடினேன். தலைமைத் தொகுப்பாளர் இந்த முறை கையையும் நீட்டவில்லை. எட்டியே உட்காரச் சொன்னார்.

"யாராவது தொடர்பில்லாத ஒருத்தர் வந்து, தொழிற்சாலை இருக்குன்னு கட்டுரையில திருத்தினா நான் தடுக்க மாட்டேன்," என்றார்.

"எங்ககிட்ட ஏணி வாங்கினவங்க?"

"வாங்கினவன் காசு போட்டவன். நலன் இருக்கு."

"எங்களுக்குப் போட்டியா ஏணி செய்யறவங்க?"

"எதிர் நலன்."

"பக்கத்து மெத்தைக் கம்பெனிக்காரர்?"

"அவர் தீயில சம்பந்தப்பட்டவர். அவரைப் போய் எப்படி?"

எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. "சார், எனக்கு ஒண்ணு சொல்லுங்க. இந்தக் களஞ்சியத்தைப் பத்தியே உங்க களஞ்சியத்துல பெரிய கட்டுரை இருக்கே, 'மனித குலத்தின் ஈடு இணையற்ற நடுநிலைச் சாதனை'ன்னு. அதை யார் எழுதினாங்க?"

"நான்தான்," என்றார் அவர், கொஞ்சமும் கூசாமல். "வேற யாருக்கு அதைப் பத்தி அவ்வளவு தெரியும்?"

சுவரில் முட்டிக்கொள்ளலாம் என்றால் சுவர் முழுக்க அலமாரி.

"நான் வேலையை விட்டுட்டா?" என்று கேட்டேன். "இன்னைக்கே விட்டுடறேன் சார். அப்ப நான் எழுதலாமா?"

அவர் முதன்முறையாக ஆர்வமாகப் பார்த்தார். விதிப் புத்தகத்தைப் புரட்டினார். "வேலை சரி. ஆனா உரிமையாளர் உங்க கூடப் பிறந்தவங்க. ரத்த சம்பந்தம் இருக்கே. உறவு முறிஞ்சுபோச்சுன்னா எழுதலாம். விதியில இடம் இருக்கு."

"முறிஞ்சுபோச்சு சார்."

"நீங்க சொன்னா ஆச்சா?" என்று சிரித்தார். "பத்திரிகையில வரட்டும்."

நான் திரும்பி வந்து அக்காவிடம் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் கேரியர் மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"சண்டை போட்டாப் போதுமா?" என்றாள்.

"பத்திரிகையில வரணும்க்கா."

"போடுவோம். வாசல்ல போடுவோம். ஆளுங்ககிட்ட நடிப்புன்னு சொல்லாதே, சிரிச்சுடுவானுங்க. நிருபரைக் கூப்பிடு. இந்தக் கர்மம் இதோட முடியட்டும்."

* * *

தொழிற்சாலை வாசலில், நடுத்தெருவில், நானும் அக்காவும் சண்டை போட்டோம். நிருபர் கேமராவோடு நின்றார். ஆட்கள் வேலையை விட்டுவிட்டு ஓடி வந்து வாசலை அடைத்துக்கொண்டார்கள்.

எங்களுக்குச் சண்டை போட வரவில்லை. "நீ எனக்கு அக்காவே இல்லை," என்றேன். "நீ எனக்குத் தம்பியே இல்லை," என்றாள் அவள். அப்புறம் இரண்டு பேரும் விழித்துக்கொண்டு நின்றோம். வெல்டர் ஓடி வந்து, "சரி சரி, வெயில்ல நிக்காதீங்க, உள்ள வாங்க," என்றார். நிருபர் கொட்டாவி விட்டார்.

"இதெல்லாம் செய்தி ஆகாது சார். கொஞ்சம் உறைக்கிற மாதிரி ஏதாவது," என்று கேமராவை உறைக்குள் போடப் போனார்.

அவர் போனால் ஆர்டர் போயிற்று. அக்கா அவர் கையைப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"உனக்கு என்னடா தெரியும்?" என்றாள். "சோறு போட்டா சாப்பிடத் தெரியும். காலமெல்லாம் என்னை ஒட்டிக்கிட்டே கிடந்தே. நீ ஒழுங்கா இருந்திருந்தா அன்னைக்குக் களஞ்சியத்துல யாருன்னு கேட்டப்ப இந்தக் கம்பெனி ஆளுன்னு சொல்லித் தொலைச்சிருப்பியா? என் பொழப்புல மண்ணை அள்ளிப் போட்டவனே நீதான்!"

கேமரா வெளியே வந்தது. எனக்குச் சுருக்கென்றது. அதில் பொய் இல்லை, அதனால்தான் சுருக்கென்றது. பதிலுக்கு எதையாவது சொல்ல வேண்டும், உறைக்கிற மாதிரி சொல்ல வேண்டும். எது உறைக்கும் என்று எனக்குத் தெரியாதா? கூடவே இருந்து பார்த்தவன் நான்.

"அத்தானை வேலை வேலைன்னு ஓட ஓட விரட்டிக் கொன்னதே நீதானே!" என்றேன்.

அறுப்பு இயந்திரத்தை யாரோ நிறுத்தியிருந்தார்கள். அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

"பிரமாதம் சார்," என்றார் நிருபர்.

அன்றைக்கு மதியம் கேரியர் மேஜையில் மூடியபடியே இருந்தது. நான் போய், "அக்கா, சாப்பிடலாமா?" என்றேன். "நீ சாப்பிடு," என்றாள். நடிப்பு தொடர்கிறதாக்கும் என்று நினைத்தேன். முட்டாள்.

செய்தி வந்தது. "மூடப்பட்ட ஏணித் தொழிற்சாலைக்காக நடுத்தெருவில் அக்கா தம்பி அடிதடி." அடிதடி அவர்களாகப் போட்டுக்கொண்டது. "மூடப்பட்ட" பிழை திருத்தும் பிரிவு போட்டது.

நாளிதழை எடுத்துக்கொண்டு மூச்சிரைக்கக் களஞ்சியத்துக்கு ஓடினேன். தலைமைத் தொகுப்பாளர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார்.

"அருமை. உறவு முறிஞ்சது உறுதியாயிடுச்சு. முதல் தரமான சான்று," என்றார். "கம்பெனி மூடினதுக்கும் இது மூணாவது சான்று. மூணு சான்று இருக்கற விஷயத்தைத் தனி ஆள் யாரும் மாத்த முடியாது சார். பூட்டிடுவோம். அந்தக் கம்பெனி பேச்சே முடியற வரைக்கும் பூட்டுதான்."

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அழுதேன். யாரும் கிட்டே வரவில்லை, தொட்டால் தொடர்பு வந்துவிடும் அல்லவா. ஒருவர் மட்டும் ஒரு டம்ளர் தண்ணீரைத் தரையில் வைத்து, காலால் மெதுவாக என் பக்கம் தள்ளினார்.

* * *

ஆர்டர் வேறு கம்பெனிக்குப் போனது. அவர்கள் ஏணியே செய்வதில்லை, வாளி செய்கிறவர்கள். களஞ்சியத்தில் தவறுதலாக ஏணி என்று போட்டிருந்ததாம்.

அக்கா கொஞ்ச நாள் இழுத்துப் பிடித்தாள். பிறகு இயந்திரங்களை விற்று ஆட்களுக்குக் கணக்கைத் தீர்த்தாள். நான் கணக்குப் பார்க்க வரட்டுமா என்று வெல்டரிடம் கேட்டனுப்பினேன். "நீதான் வேலையை விட்டுட்டியாமே தம்பி, அம்மா சொன்னாங்க," என்றார் வெல்டர். முகம் கொடுத்துப் பேசவில்லை. நான் சொன்ன அந்த ஒரு வார்த்தையை அவரும் வாசலில் நின்று கேட்டவர்தான். அத்தானோடு கடைசி வரைக்கும் கூடவே இருந்தவர்.

வாசலில் பூட்டுத் தொங்கிய வாரத்தில் தலைமைத் தொகுப்பாளரிடமிருந்து போன் வந்தது. குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

"வாழ்த்துகள் சார்! உங்க விஷயத்தை மறுபரிசீலனை பண்ணினோம். உங்களுக்கு அங்க வேலை இல்லை. அக்காவோட பேச்சுவார்த்தை இல்லை. கம்பெனியும் இல்லை. இந்த ஊர்லயே இவ்வளவு நடுநிலையான ஆள் நாங்க பார்த்ததில்லை. கட்டுரையைத் திறந்து விட்டிருக்கேன். தாராளமாத் திருத்துங்க."

கணினியைத் திறந்தேன். சிவப்புப் பட்டைகளை எடுத்துவிட்டிருந்தார்கள். கடைசி வரி அப்படியே இருந்தது. "தீயில் எரிந்து நிரந்தரமாக மூடப்பட்டது." மூடப்பட்டது என்பது இப்போது சரிதானே, அதில் நான் எதைத் திருத்துவது?

தீயை மட்டும் எடுத்துவிட்டு, "இந்த மாதம் வரை இயங்கியது" என்று எழுதினேன். அழிந்தது. "சான்று தேவை." ஏற்கெனவே மூடிய கம்பெனியை மூடிவிட்டார்கள் என்று எந்தப் பத்திரிகை எழுதும்? கொஞ்சம் யோசித்துவிட்டு, "அங்கே செய்த ஏணிகள் நன்றாக இருந்தன" என்று எழுதினேன். அதுவும் அழிந்தது. "விளம்பரம்" என்று காரணம் போட்டிருந்தார்கள். அதற்கு மேல் எனக்கு எழுத ஒன்றும் இல்லை.

எழுந்து அக்கா வீட்டுக்குப் போனேன். தட்டியதும் கதவைத் திறந்தாள். இளைத்திருந்தாள். உள்ளே வா என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

"அக்கா," என்றேன். "அன்னைக்கு வாசல்ல நான் சொன்னதெல்லாம் நடிப்புதானேக்கா. உனக்குத் தெரியாதா? அந்த நிருபருக்காகத்தானே சொன்னேன்?"

அக்கா என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் கோபமாக இருந்தால் எனக்குத் தெரியும். கோபம் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பது போலத்தான் கேட்டாள்.

"அதுக்கு என்னடா சான்று?"

என்னிடம் இல்லை.